தலைப்பிரசவத்துக்கு வந்த தீவு

கச்சான் காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், சிப்பிமுனை என்ற துறையில், அக்கரையில் கட்டிக்கொடுத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வருவாள் என்று கயித்தானும் அவர் மனைவி பிரகாசியும் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார்கள். ஒருநாள் விடிந்தபோது மகள் வரவில்லை, அவளுக்குப் பதிலாக ஒரு தீவு வந்து நின்றது.

தீவு அவசரப்படாமல்தான் வந்தது. நடுவில் ஒரு குன்றும், குன்றைச் சுற்றிக் கிராம்பு மரங்களும், கரையோரம் தண்ணீரைத் தொட்டுக் குனிந்த நாலைந்து தென்னைகளுமாக, இவ்வளவு தூரம்தான் வரலாம், இதற்கு மேல் தரைதட்டும் என்று தெரிந்த தோணிக்காரனைப்போல ஆழம் பார்த்து நின்றுகொண்டது. முதலில் பார்த்தவர்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் வலையைக் கொஞ்சம் வடக்கே தள்ளி இடம் விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி இழுக்க ஆரம்பித்தார்கள். கிராம்பு வாசனை ஊருக்குள் நுழைந்து, பல்வலி இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் சரியாகிவிட்டது. அன்றைக்கு மீன்பாடும் நன்றாகவே இருந்தது.

கயித்தான் துபாஷி வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் இரண்டு ராஜாக்களின் கப்பல்கள் அந்தக் கடலில் திரிந்தன. எந்த ராஜா, எந்த தேசம் என்றெல்லாம் ஊர் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு கூட்டம் கூம்புத்தொப்பி போட்டது, இன்னொரு கூட்டம் தட்டைத்தொப்பி போட்டது, அவ்வளவுதான். இரண்டு தொப்பிக்காரர்களுக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது, இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது, மூன்றும் தெரிந்தவர் கயித்தான் ஒருத்தர்தான். ஒருவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் மற்றவரிடம் சேர்ப்பவர் என்று பெயர் வாங்கியவர். வசவுகளைக்கூட ஒன்று விடாமல், மரியாதையான குரலில் சொல்வார், அடி வாங்கியதில்லை.

அந்த வருஷம் தொப்பிகளுக்குள் முறுகிப் போயிருந்தது. கடலில் தோணி விடவேண்டுமானால் கூம்புத்தொப்பியிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று ஒரு கப்பல் தமுக்கடித்துப் போனது. கூம்புத்தொப்பியின் சீட்டு எவன் மடியில் இருக்கிறதோ அவனைப் பாய்மரத்தில் தொங்கவிடுவோம் என்று பின்னாலேயே தட்டைத்தொப்பிக் கப்பல் தமுக்கடித்துப் போனது. சீட்டு வாங்கினாலும் சாவு, வாங்காவிட்டாலும் சாவு என்று ஆனபிறகு, சிப்பிமுனைக்காரர்கள் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள்ளேயே வலை போட்டுக்கொண்டார்கள். அக்கரையில், தட்டைத்தொப்பியின் கோட்டைக்குக் கீழே, பனந்துறையில் இருந்தாள் கயித்தானின் ஒரே மகள் சூசானா. அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. கூட்டிக்கொண்டு வரப் படகு போக வழியில்லை.

தீவைப் பார்க்க ஊர்ப் பெண்கள் கரையில் கூடினார்கள். ஒருத்தி தீவைச் சுற்றித் தண்ணீர் நுரைத்து நுரைத்துக் கக்குவதைக் காட்டினாள். இன்னொருத்தி குன்று கீழே இறங்கியிருப்பதைக் காட்டினாள். மருத்துவச்சி செபஸ்தியாள் வள்ளத்தில் போய், குன்றின் சரிவில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள்.

"எட்டு முடிஞ்சி ஒம்பது நடக்கு. தலப்பிள்ள. உள்ள நல்லா உருளுது."

"பொறந்த வீட்டுக்கு வந்திருக்கா" என்றாள் ஒருத்தி.

"நம்ம ஊரா அவளுக்குப் பொறந்த வீடு?" என்று கேட்டார் ஊர்த்தலைவர், பட்டங்கட்டி தொம்மையார். சந்தேகமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வயித்துப்பிள்ளக்காரி வந்து வாசல்ல நிக்கா. அவகிட்ட ஊரு பேரா கேப்பாக? உள்ள வாட்டின்னுதான் சொல்லணும்" என்றாள் செபஸ்தியாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கோயிலில் உபதேசியாரிடம் கேட்டதற்கு, தீவு கர்ப்பமாகக் கூடாது என்று வேதத்தில் தான் படித்தவரைக்கும் எங்கும் சொல்லவில்லை என்றார்.

பிரகாசிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மகளுக்கென்று அவள் சுக்கு இடித்து வைத்திருந்தாள், பூண்டு உரித்து வைத்திருந்தாள், கருப்பட்டியில் பிள்ளை பெற்றவளுக்கான காய மருந்து கிளறிப் பானையில் கட்டி வைத்திருந்தாள், பழஞ்சேலைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். ஊர் வந்து அதையெல்லாம் தீவுக்குக் கேட்டபோது கதவை அடைத்துக்கொண்டு அழுதாள். எம்பிள்ளைக்கு வெச்சத ஊரான் பிள்ளைக்குக் குடுக்கவா என்று சுவரைப் பார்த்துச் சண்டை போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் இவளுக்குச் செஞ்சா, அங்க எம்பிள்ளைக்கு எவளாச்சும் செய்யமாட்டாளா" என்று புருஷனிடம் சொன்னாள். கயித்தான் தலையை ஆட்டிவிட்டுப் பானையை ஒரு கை பிடித்தார்.

அதற்குப் பிறகு ஊருக்கு வேலை சரியாக இருந்தது. புளியை மிதக்கவிட்டால் தீவு வாங்கிக்கொண்டது, மாவடுவை வாங்கிக்கொண்டது, அடுப்புச் சாம்பலை ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டது, கருவாட்டை மட்டும் திருப்பிக் கரையிலேயே ஒதுக்கிவிட்டது. வளைகாப்புக்கு நாள் பார்த்தார்கள். தீவுக்குக் கை எது என்று ஆண்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோதே பெண்கள் குனிந்திருந்த தென்னைகளில் மட்டைக்கு மட்டை கண்ணாடி வளையல் போட்டு முடித்துவிட்டார்கள். காற்று அடித்தால் தீவு கலகலத்தது, அதைக் கேட்டு ஊரில் கைப்பிள்ளைகள் தூங்கின. உறவு முறையும் தானாக அமைந்துவிட்டது. வயசானவர்கள் அதை மகளே என்றார்கள், வாலிபர்கள் மதினி என்று கூப்பிட்டுக் கேலி பேசினார்கள்.

கிராம்பு வாசனை கரையோடு நின்றிருந்தால் நல்லது. அது கடலுக்கும் போனது. ஒரு வெள்ளிக்கிழமை கிழக்கேயிருந்து கூம்புத்தொப்பிக் கப்பலும் தெற்கேயிருந்து தட்டைத்தொப்பிக் கப்பலும் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன. இரண்டு கப்பித்தான்களும் சிறு படகில் கரைக்கு வந்து, ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல், நடுவில் கயித்தானை நிறுத்திக்கொண்டார்கள்.

"இது யாருடையது?" என்று இருவரும் அவரவர் பாஷையில் கேட்டார்கள்.

கயித்தான் தமிழில் கேட்டார். "எங்க பொண்ணு" என்றார் தொம்மையார். கயித்தான் அதை அப்படியே சொன்னார். கப்பித்தான்கள் இதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ராஜா உலகத்தின் எல்லாக் கிராம்புக்கும் உடையவர், ஆகையால் இது எங்களுடையது என்றான் கூம்புத்தொப்பி. எங்கள் ராஜா கிராம்பு போகிற எல்லாக் கடலுக்கும் உடையவர், ஆகையால் இது எங்களுடையது என்றான் தட்டைத்தொப்பி. கயித்தான் இதைத் தமிழில் சொன்னதும் தொம்மையாருக்குப் பரிதாபமாகப் போய்விட்டது.

"அவங்க ஊர்ல கிராம்பு கெடைக்காம கஷ்டப்படுதாவளோ? ஆளுக்கொரு சாக்கு பறிச்சிக் குடுத்திருவோமே."

கயித்தான் சொன்னார். கூம்புத்தொப்பி சிரித்தான். எங்கள் கிட்டங்கியில் கிராம்பு மலையாகக் குவிந்து கிடக்கிறது, விலை இறங்கிவிடக் கூடாதே என்று போன வருஷம் ஒரு காட்டையே எரித்தோம் என்றான். நாங்கள் இரண்டு காட்டை எரித்தோம் என்றான் தட்டைத்தொப்பி, விட்டுக்கொடுக்காமல்.

"பெறகு எதுக்குவே இந்தத் தீவு?" என்று தொம்மையார் கேட்டார்.

அதற்கு இரண்டு கப்பித்தான்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கயித்தான் ஒரு தரம் தமிழில் சொன்னால் போதுமாக இருந்தது. "இவங்களுக்கு வேண்டாமாம். ஆனா அவங்களுக்குக் கெடைச்சிரக் கூடாதாம்."

தொம்மையாருக்கு இது உடனே விளங்கியது. அவருடைய சித்தப்பன்மார் இரண்டு பேர் வேலியில் நின்ற ஒரு முருங்கைக்காக இப்படித்தான் சண்டை போட்டு, கடைசியில் மரத்தை வெட்டிப்போட்டுவிட்டு நிம்மதியாகச் செத்தார்கள். தொப்பிக்காரர்கள் நம்மைப்போல மனுஷர்கள்தான் என்று அவர் ஊருக்குச் சொன்னார்.

கப்பித்தான்கள் அன்றைக்கே தீவுக்கு ஆளனுப்பி மரங்களைக் கொளுத்துவது என்று முடிவு செய்தார்கள். அதில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனது. யார் கொளுத்துவது என்பதில்தான் தகராறு. அந்த நேரத்தில் தீவைச் சுற்றித் தண்ணீர் கலங்கியது. தென்னைகள் காற்றில்லாமலே ஆடின, வளையல் சத்தம் கரைவரைக்கும் கேட்டது. செபஸ்தியாள் முந்தானையைச் செருகிக்கொண்டு பெண்களைக் கூட்டி வள்ளத்தில் ஏறினாள். பிரகாசி இடுப்பளவு தண்ணீரில் நின்று கரையைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க, அவளுக்கு வலி கண்டிருச்சு! நாப்பது நாளு கழியாம ஒரு ஆம்பள அங்க காலு வைக்கப்படாது. தீட்டு! தீட்டுன்னு சொல்லுங்க அந்த மூதேவிக கிட்ட!"

தீட்டு என்ற சொல்லுக்குக் கயித்தான் இரண்டு பாஷையிலும் தேடினார். அந்த பாஷைகளில் பிரசவம் இருந்தது, அழுக்கு இருந்தது, பாவம்கூட இருந்தது, தீட்டு இல்லை. நாற்பது நாள் என்பதும், கிட்டே போகாதே என்பதும், தொடாதே என்பதும் சேர்ந்து வருகிற ஒரே ஒரு சொல்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. கப்பலில் கொள்ளைநோய் கண்டால், ஒருவரையும் இறங்கவிடாமல் நடுக்கடலில் நாற்பது நாள் நிறுத்தி வைப்பார்களே, அந்தச் சொல். இரண்டு பாஷையிலும் கிட்டத்தட்ட ஒரே சொல்தான். அவர் அதைச் சொன்னார்.

பொய் சொல்லவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சொன்னபிறகு கப்பித்தான்கள் இருவரும் வெளிறிப்போய்க் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படகுக்கு ஓடியதைப் பார்த்தபோதுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். அவர் வாயைத் திறக்கவில்லை.

கப்பல்கள் எட்ட விலகின. ஆனால் ஊருக்குத் திரும்பவில்லை. கொள்ளைநோய் என்பது நிஜமானால் அவன் ஏன் இன்னும் போகவில்லை என்று இவன் யோசித்தான். இவன் போகாமல் நிற்பதைப் பார்த்தால் இதில் ஏதோ இருக்கிறது என்று அவன் யோசித்தான். இவன் போகாததால் அவன் போகவில்லை, அவன் போகாததால் இவன் போகவில்லை. இப்படியே வெயில் ஏறியது. முதல் பீரங்கியை யார் வெடித்தார்கள் என்று ஊரில் யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் தீவுக்கு வெந்நீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். பிறகு பார்த்தால் இரண்டு கப்பலும் புகைக்குள் மறைந்து, ஒன்றை ஒன்று சுட்டுக்கொண்டே வடக்கே நகர்ந்துபோயின.

கயித்தான் மட்டும் தெற்கே பார்த்தார். பனந்துறை வரைக்கும் கடல் காலியாகக் கிடந்தது. ஆறு மாதத்தில் அப்படி ஒரு காலிக் கடலை அவர் பார்த்ததில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாயை விரித்தார்.

பனந்துறையில் சூசானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பீரங்கிச் சத்தம் கேட்டதும் அப்பா வருவார் என்று எப்படியோ அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் புருஷன் லாசர் அவளைத் தூக்கி வள்ளத்தில் வைத்தான். அவனும் ஏறியிருப்பான், ஆனால் கோட்டையில் அந்திக்கு ஆண்களைத் தலை எண்ணுவார்கள், ஒரு தலை குறைந்தால் அந்த வீட்டையே பிரித்துப்போட்டுவிடுவார்கள், வீட்டில் அவன் தாயும் தகப்பனும் இருந்தார்கள்.

"மூணாம் மாசம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன் மாமா. பிள்ளைக்கு எம்பேரச் சொல்லிக் குடுங்க" என்று தண்ணீரில் நின்று சொன்னான். வள்ளம் போகப் போக அவன் தண்ணீருக்குள் நடந்து வந்துகொண்டே இருந்தான், கழுத்தளவு ஆனதும் நின்றுவிட்டான்.

பாதிக் கடலில் சூசானாவுக்கு வலி எடுத்தது. கயித்தான் பாயைப் பார்த்தார், கரையைப் பார்த்தார், மாதாவைக் கூப்பிட்டார். கரை தூரம், தீவு பக்கம். மருத்துவச்சியும் வெந்நீரும் பழஞ்சேலையும் காயப் பானையும் பெற்ற தாயும் எல்லாம் அங்கேதான் இருந்தன. தீவின் ஓரத்தில் வள்ளத்தை இடித்து நிறுத்தினார். பிரகாசி ஓடிவந்து மகளைப் பார்த்து ஓவென்று கத்தினாள், பிறகு புருஷனைப் பார்த்து, "ஆம்பள அங்கேயே நில்லுங்க, தீட்டு" என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பிரசவமும் ஆனது. தீவுக்குப் பிறந்தது ஒரு களத்துமேட்டு அளவு குட்டித்தீவு, ஈர மணலும் உச்சியில் ஒரே ஒரு கிராம்பு முளையுமாக, தாயை ஒட்டிக்கொண்டு மிதந்தது. சூசானாவுக்கு ஆண்பிள்ளை. கொப்பூழ்க்கொடி இரண்டையும் செபஸ்தியாள் ஒரே அரிவாளால் அறுத்தாள். பெரியதை அறுக்கத்தான் நேரமானது என்றாள்.

மறுநாள் சூசானாவையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு மஞ்சள் அரைத்ததோடு தீவுக்கும் சேர்த்து அரைத்தார்கள். தீவுக்கு நாற்பது நாள் கழிந்து, ஊரே சேர்ந்து தண்ணீர் ஊற்றியது. குட்டியும் தாயும் புருஷன் வீட்டுக்குக் கிளம்பின. ஊர் சீர் செய்தது, தொட்டிலுக்குப் பதில் ஒரு பழைய தோணியைக் குட்டித்தீவின் மேல் ஏற்றிக் கட்டினார்கள். பிரகாசி தீவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அங்க போயி யாரும் ஒரு சொல்லு சொன்னா பொறுத்துக்கோ மக்ளே என்று அழுதாள்.

தீவு தெற்கே, பனந்துறைப் பக்கமாகத்தான் நகர்ந்தது. கரையில் நின்ற கயித்தானுக்கு அது தெரிந்தது. தீவுக்கு யாரும் சீட்டுக் கேட்கப் போவதில்லை, மகளையும் பேரனையும் அதில் ஏற்றிவிட்டால் அந்திக்குள் லாசர் கையில் சேர்ந்துவிடுவார்கள். மனைவியைப் பார்த்து, "ஏட்டி, சூசானாவ..." என்று ஆரம்பித்தார்.

"பச்ச உடம்பு. பிள்ளய மூணாம் மாசந்தான் அனுப்பணும், அதுக்கு முந்தி அனுப்புன வீடு வெளங்குமா?" என்றாள் பிரகாசி. ஊரிலும் அப்படி யாரும் அனுப்பியதில்லை. தவிர, பேரன் அன்றைக்குக் காலையில்தான் அவர் விரலை முதல்முதலாகப் பிடித்திருந்தான். இன்னும் ஒன்றரை மாதம்தானே என்று கயித்தானும் பேசாமல் இருந்துவிட்டார். தீவு கண்ணுக்கு மறைந்தது.

அடுத்த வாரம் கூம்புத்தொப்பி வந்து, தீவு எங்கே என்று கேட்டான். கயித்தான் தொம்மையாரிடம் கேட்டு, அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்: அது புருஷன் வீட்டுக்குப் போய்விட்டது. கூம்புத்தொப்பிக்கு முகம் சிவந்தது. அந்தப் புருஷன் யார் என்று அவன் கேட்கவே இல்லை, தட்டைத்தொப்பிதான் என்று அவனுக்குத் தெரியும். அதற்கு அடுத்த வாரம் தட்டைத்தொப்பி வந்தான், அவனுக்கும் அதே பதில் கிடைத்தது, அவனுக்கும் புருஷன் யாரென்று தெரிந்திருந்தது. இரண்டு ராஜாக்களும் கப்பல் அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் பிறந்தபோது சிப்பிமுனைக்கும் பனந்துறைக்கும் நடுவில் கப்பலுக்கு மேல் கப்பலாக நின்றது, ஒரு கட்டுமரம் நுழைய இடமில்லை. ஐந்தாம் மாதமும் அப்படித்தான். ஏழாம் மாதம் யாரும் நாள் பார்க்கவில்லை.

தினம் அந்திக்குத் தெற்கே பீரங்கி வெடிக்கும். பேரன் திடுக்கிட்டு அழுவான். சூசானா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, சத்தம் வரும் திசையைக் காட்டி, "பயப்படாத மக்கா, அங்கதான் ஒங்கப்பா இருக்காக, அந்தா அப்பா" என்பாள். அதைச் சொல்லும்போது அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நாளாக நாளாக அவ்வளவும் சொல்ல அவளுக்குத் தெம்பில்லாமல், வெடித்ததும் "அந்தா அப்பா" என்று மட்டும் சொன்னாள். பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டான்.

அவன் நடக்கத் தொடங்கி, ஒன்றிரண்டு சொல் பேசத் தொடங்கிய வருஷம், கூம்புத்தொப்பிக் கப்பித்தான் குடிதண்ணீர் எடுக்கக் கரையில் இறங்கினான். முன்பு வந்தவன் செத்துப்போய் இவன் புதிதாக வந்திருந்தான், நல்ல மாதிரி, பிள்ளைகுட்டிக்காரன். கயித்தானோடு கிணற்றடியில் நின்று தன் ஊரில் இருக்கும் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது தெற்கே பீரங்கி வெடித்தது. வீட்டுக்குள்ளிருந்து பேரன் தத்தித் தத்தி ஓடிவந்தான். இரண்டு கையையும் தட்டிக்கொண்டு கடலைப் பார்த்து, "அப்பா! அப்பா!" என்று கத்தினான். இன்னொன்று வெடித்தது. அவன் இன்னும் சந்தோஷமாகக் கத்தினான்.

வாசலில் சூசானா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கப்பித்தானுக்குச் சிரிப்பு வந்தது. "பிள்ளை என்ன சொல்லுகிறான்?" என்று கேட்டான்.

கயித்தானுக்கு அந்தச் சொல் அந்த பாஷையில் நன்றாகத் தெரியும். எந்த பாஷை கற்றுக்கொள்கிறவனுக்கும் முதலில் தெரிந்துவிடுகிற சொல் அது.

"தெரியாது" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி அந்தக் கடற்கரையில் யாரும் கேட்டதில்லை. கப்பித்தான் தன் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, கயித்தான் பக்கம் கொஞ்சம் குனிந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.